டஜனுக்குப் பதிமூன்று

ஒரு டஜன் என்றால் எத்தனை என்று யாராவது கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? யோசிக்கக்கூட மாட்டீர்கள். ரெஜினா கோஸ்லாக்கும் யோசிக்கவில்லை. அதனால்தான் இரண்டு முறை தோற்றாள்.

அதைக் கண்டுபிடித்தது ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தின் இரண்டாம் வியாழக்கிழமை, கோயில் ஹாலில், பிரோகி மேசையில். வெள்ளிதோறும் அந்த ஹாலில் மீன் வறுவல் விற்பார்கள். கூடவே பிரோகி, நம் கொழுக்கட்டை மாதிரி ஒன்று. அதற்காக வியாழன் காலை பதினைந்து பெண்கள் கூடி, மாவை வட்டமாக வெட்டி, மசித்த உருளைக்கிழங்கும் சீஸும் வைத்து, ஓரத்தைக் கிள்ளி மூடுவார்கள். ஷேல் ரிட்ஜ் ஊரில் நிலக்கரிச் சுரங்கம் மூடியது, கோயில் பள்ளி மூடியது, கன்னியர் மடத்தில் ஒன்பது பேர் இருந்த இடத்தில் சிஸ்டர் மெத்தோடியா ஒருவர்தான் மிச்சம். பிரோகி மட்டும் நிற்கவில்லை.

பள்ளி மூடியதும் சிஸ்டர் பெரியவர்களுக்கு வகுப்பு வைத்துப் பார்த்தார். படிப்பைப் பாதியில் விட்டவர்கள் எழுதும் தேர்வுக்கான வகுப்பு. ஒருவரும் வரவில்லை. 'பெரியவர்கள் வகுப்பு' என்று எழுதி வைத்த அறைக்குள் நுழைய அவர்களுக்குக் கூச்சம். பிரோகி கிள்ள மட்டும் தவறாமல் வந்தார்கள். சரி, நீங்கள் வராவிட்டால் நான் வருகிறேன் என்று சிஸ்டர் மார்க்கர் பேனாவோடு அந்த மேசைக்கே வந்துவிட்டார். மேசை நெடுக பழுப்புக் காகிதம் ஒட்டி, எதிரில் நிற்பவர்கள் படிக்கும்படி எழுத்தைத் தலைகீழாக எழுதுவார். பதினொரு வருடத்தில் அவருக்கு நேராக எழுதுவதைவிடத் தலைகீழாக எழுதுவது சுலபமாகிவிட்டது. பெண்களின் கைகள் மாவில் இருக்கும். பதில் வாயால்தான் வரும்.

ரெஜினாவுக்கு ஐம்பத்தொன்பது வயது. அரசுப் பள்ளியின் சமையலறையில் இருபத்திரண்டு வருடமாக உதவியாள். தலைமைச் சமையல்காரி ஓய்வு பெறுகிறாள். அந்த இடம் ரெஜினாவுக்குத்தான் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் அந்தத் தேர்வின் சான்றிதழ் இல்லாமல் கிடைக்காது. மற்ற பாடங்களில் எல்லாம் தேறிவிட்டாள். கணக்கில் மட்டும் இரண்டு முறை போய்விட்டது. இரண்டாம் முறை ஒரே ஒரு மதிப்பெண்ணில்.

அன்று மற்றவர்கள் காபிக்குப் போன நேரம் சிஸ்டர் அவளை நிறுத்தினார்.

"ஒரு பேக்கரியில பதினெட்டு டஜன் பன்னு. பைக்கு ஆறு போடணும். எத்தன பை?"

"முப்பத்தொம்போது." கண் இமைக்கும் நேரம்கூட ஆகவில்லை.

"எப்படிம்மா?"

"பதினெட்டு டஜன்னா எரநூத்தி முப்பத்தி நாலு. ஆறால வகுத்தா முப்பத்தொம்போது. சரிதானே?"

சிஸ்டர் மார்க்கரை மூடினார். "டஜனுக்கு எத்தன ரெஜினா?"

"பதிமூணு." சொன்ன பிறகுதான் அவள் கை நின்றது.

அந்த மேசையில் டஜனுக்குப் பதிமூன்றுதான். கொதிக்கிற பானையில் ஒன்றாவது வெடித்துவிடும் என்பதால், பன்னிரண்டு வேண்டுமென்றால் பதிமூன்று கிள்ள வேண்டும். பானைக்கு ஒன்று. ரெஜினா முப்பது வருடமாக அப்படித்தான் எண்ணுகிறாள். அதைவிட சிஸ்டரைக் குத்தியது வேறு விஷயம். பதினொரு வருடமாக அந்த எண்ணிக்கையை மேசைத் தலைப்பில் நின்று உரக்கச் சொல்லிவந்தது அவருடைய வாய்தான்.

சிஸ்டருக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது. ரெஜினா சிரிக்கவில்லை.

"போதும் சிஸ்டர். ரெண்டு தடவ அந்தக் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு வந்தாச்சு. மூணாவது வேணாம்."

"எனக்குப் பட்டம் வாங்க எத்தன வருசம் ஆச்சு தெரியுமா? பத்தொம்போது. பதினெட்டு வயசுல அறுபத்திரெண்டு பிள்ளைங்க முன்னாடி டீச்சரா நிறுத்திட்டாங்க, நான் படிச்சது கோடை லீவுல மட்டும். நாலாவது கோடையில அல்ஜீப்ரா போச்சு. அஞ்சாவதுலயும் போச்சு. மடத்துச் சாப்பாட்டு மேசையில எல்லாருக்கும் முன்னாடி மார்க்க வாசிப்பாங்க. சூப்பு ஆறிப்போகும், ஒருத்தரும் கரண்டியத் தொட மாட்டாங்க."

"என்ன சூப்பு?"

"முட்டைக்கோஸு."

"அப்ப ஆறிப்போனது நல்லதுதான்" என்றாள் ரெஜினா. வாயோரம் லேசாக அசைந்தது.

சிஸ்டர் அவளிடம் சொல்லாத ஒன்று இருந்தது. மடத்துத் தலைவியிடமிருந்து கடிதம் வந்துவிட்டது. குருத்தோலை ஞாயிறுக்கு முந்தைய சனிக்கிழமை கார் அனுப்புகிறார்கள். இனி தலைமை மடத்தில் ஓய்வு. கடிதம் வந்தால் கிளம்ப வேண்டும், அறுபது வருடமாக அதுதான் வழக்கம். கையில் இருப்பது நாலு வாரம்.

காபி முடிந்து பெண்கள் திரும்பியதும் சிஸ்டர் மேசையைத் தட்டினார். "இன்னையிலேருந்து டஜனுக்குப் பன்னெண்டு."

ஹால் கொந்தளித்தது. நாக்கு நீண்ட அனெட்டாதான் முதலில் குதித்தாள். "அப்ப பானையில வெடிக்கிறதுக்கு யாரு பொறுப்பு? போப்பாண்டவரா?"

"தவக்காலத்துக்கு நோன்புன்னு நீ எத விட்ட, அனெட்டா?"

"சாக்லேட்ட."

"நேத்து கார்ல என்ன மென்னுக்கிட்டு இருந்த?"

"அது... கேரமல் சிஸ்டர்."

"அப்ப இந்தத் தடவ நெசமாவே ஒண்ண விடு. பதிமூணாவத விடு. ஈஸ்டர் வரைக்கும் எல்லாரும் விடுறோம்."

மறுநாள், வெடித்தது போக, வாங்கியவர்களின் பெட்டிகளில் பன்னிரண்டுக்குப் பதில் பதினொன்றுதான் இருந்தன. பழைய சுரங்கத் தொழிலாளி ஒருவர் பெட்டியோடு திரும்பி வந்து கேட்டார். அனெட்டா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பாளா? "அந்த ஒண்ணு ரெஜினாவுக்கு. அவ கணக்குப் பரீட்ச பாஸாகணும்ல" என்று ஆர்டர் நம்பர் கூப்பிடுகிற மைக்கிலேயே சொல்லிவிட்டாள்.

தன் பெண்ணுக்குக்கூடத் தெரியாமல் எழுதிய பரீட்சை. ரெஜினா ஏப்ரனை அவிழ்த்தாள். "ஊருக்கே கொட்டடிச்சிட்டீங்க சிஸ்டர்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியாகப் போனாள். சிஸ்டர் ஓடிப்போய்க் கூப்பிடவில்லை. அனெட்டாவைத் திட்டவும் வாய் வரவில்லை. யாருக்காக என்று மேசையில் சொல்லவில்லைதான். ஆனால் பரீட்சைப் பேச்சு எல்லார் காதிலும் விழும் இடத்தில் பாடம் வைத்தது அவர். அந்த வாரம் முழுக்க, ஜெபமாலை உருட்டும்போது எத்தனையாவது மணி என்பதே அவருக்கு மறந்து மறந்து போயிற்று.

அடுத்த வியாழன் மேசையில் ரெஜினாவின் இடம் காலி. ஒன்பதரை மணிக்குக் கதவு திறந்தது. அவள் கோட்டைக் கழற்றி மாட்டினாள், கையைக் கழுவினாள், வந்து நின்றாள்.

"கடைக்குப் போனா கல்லாவுல நிக்கிறவ ஏழெட்டு எவ்வளவுன்னு கேக்குறா. கோயிலுக்கு வந்தா அந்தச் சொரங்கத்துக் கிழவரு, 'பதினொண்ணே போதும்மா, டாக்டரே கொறைக்கச் சொல்றாரு'ங்கறாரு. ஊரே ஒண்ணு கொறச்சுத் திங்கும்போது நான் மட்டும் எப்படி வீட்ல உக்காந்திருக்கிறது? எழுதுங்க சிஸ்டர், கணக்க."

சிஸ்டர் எழுதினார், தலைகீழாக. இந்த முறை ரெஜினாவின் கையில் மாவு இல்லை, பென்சில் இருந்தது. நாலு வியாழன்கள் அவள் ஒரு பிரோகிகூடக் கிள்ளவில்லை. அவள் பங்கையும் சேர்த்துக் கிள்ளியது அனெட்டா. முணுமுணுத்துக்கொண்டேதான், ஆனால் கிள்ளினாள். காகிதத்தை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டும் இருந்தாள்.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தைய வெள்ளி காலை தேர்வு. மதியம் இரண்டிலிருந்தே ஹாலில் வரிசை நின்றது. எண்ணெய்ச் சட்டியில் மீன் பொரிகிற சத்தம், வெங்காயமும் வெண்ணெயும் வதங்குகிற வாசனை. சிஸ்டர் பெட்டிகளை மூடி அடுக்கிக்கொண்டிருந்தார். ஒரு பெட்டியை மூன்று முறை எண்ணினார். நாலே காலுக்கு ரெஜினா பின்வாசல் வழியாக வந்தாள். போன அதே வாசல். ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, நேரே மைக் இருக்கும் இடத்துக்குப் போனாள்.

"எண்பத்து நாலாம் நம்பர், ரெண்டு மீன், ஒரு டஜன் பிரோகி." ஒரு மூச்சு விட்டாள். "டஜனுக்குப் பன்னெண்டு. பாஸாக எவ்வளவு வேணுமோ, அதுக்கு மேல பதினொரு மார்க்கு வாங்கியிருக்கேன்."

 யாரோ பானை மூடியைக் கரண்டியால் அடித்தார்கள். அப்புறம் எல்லாப் பானையும், எல்லா மூடியும். வரிசையில் நின்றவர்கள் மேசையைத் தட்டினார்கள். பதினொன்றே போதும் என்ற கிழவர் தொப்பியைக் கழற்றித் தூக்கிப் போட்டார். அது வதக்கிய வெங்காயத் தட்டில் விழுந்தது. "இனிமே பதிமூணு! பானைக்கு ஒண்ணு!" என்று அனெட்டா கத்தினாள். சிஸ்டர் "ஈஸ்டர் வரைக்கும்னு சொன்னேனே" என்று ஆரம்பித்தார், அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. அறுபது வருடம் குழந்தைகளைச் சத்தம் போடாதே என்று அடக்கியவர், கையில் கிடைத்த தட்டை எடுத்து மற்றவர்களைவிடப் பலமாகத் தட்டினார்.

சந்தடி அடங்கியபோது அனெட்டா பக்கத்தில் வந்து, யாரும் துடைக்கச் சொல்லாத பாத்திரம் ஒன்றைத் துடைத்தபடி நின்றாள்.

"சிஸ்டர், நானும் பத்தாவதோட நின்னவதான். இந்தப் பின்னம் மட்டும் பிடிபடவே மாட்டேங்குது. அடுத்த வாரம் எனக்கு..."

சிஸ்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, நாளைக்குக் கார் வரும் விஷயத்தை அப்போதுதான் சொன்னார்.  பின்னால் நின்ற ரெஜினா இரண்டையும் கேட்டாள்.  மேசையில் கிடந்த மார்க்கர் பேனாவை எடுத்து ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலை எட்டரைக்குக் கார் வந்தது. சிஸ்டர் மெத்தோடியாவை வழியனுப்பப் பதிமூன்று பேர் வந்தார்கள். ரெஜினா வரவில்லை. அவள் ஹாலில் அனெட்டாவுக்குப் பின்னம் எழுதிக் காட்டிக்கொண்டிருந்தாள், தலைகீழாக.