அம்மன் உத்தரவு கொடுத்த தூசி மெஷின்

துணி வெட்டுகிற மேசை வாங்கி வரச் சொல்லித்தான் என் வீட்டுக்காரர் குணசீலனைச் சூரமங்கலத்துக்கு அனுப்பினேன். ரயில்வே அதிகாரி ஒருவர் மாற்றலாகிப் போகிறார், வீட்டுச் சாமான்களை விற்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தோம். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு முன்னறை காலியாகத்தான் கிடந்தது. ஆவணி முதல் முகூர்த்தத்தில் அங்கே நான் ஜாக்கெட் தைக்கும் கடை வைப்பதாக ஏற்பாடு. இருபது வருசமாகச் சமையலறையில் கேஸ் அடுப்புக்குப் பக்கத்தில் மெஷினைப் போட்டுத் தைத்தவள் நான். என்னிடம் தைத்தவர்கள் ஜாக்கெட்டோடு தாளிப்பு வாசனையையும் சேர்த்தே வாங்கிப் போனார்கள். அந்த அறை ஒன்று கிடைத்துவிட்டால் போதும் என்றிருந்தது எனக்கு.

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கிய குணசீலன், பிள்ளையை இடுப்பில் வைப்பது போல ஓர் இரும்பு உருளையைத் தூக்கிக்கொண்டு வந்தார். பச்சைப் பெயிண்ட், அடியில் இரண்டு சறுக்குக் கம்பி, முன்னால் துணி சுற்றிய நீளக் குழாய்.

"மேசைய எவனோ முன்னாடியே தூக்கிட்டுப் போயிட்டான் புள்ள. இது வேக்குவம் கிளீனரு. அந்தக் காலத்துச் சாமான். உன்ற கடையில விழுகற நூலு, வெட்டுத்துணி அத்தனையும் உறிஞ்சிப்போடும்."

"ஓடுதுங்களா?"

"ஓட வெச்சுக்கலாம்."

பல்பு மாற்றுவதற்கே ஆள் கூப்பிடுகிற மனுசன். கோழித்தீவன ஆலையில் லாரிகளுக்கு எடை போட்டுச் சீட்டுக் கொடுப்பதுதான் வேலை. ஸ்க்ரூ டிரைவரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று அன்றைக்குத்தான் யோசித்தார். மறுநாளே முன்னறைத் தரை முழுக்க மெஷினின் குடலைப் பரப்பிவிட்டார். போன் வீடியோவில் ஒரு வெள்ளைக்காரன் இதே மாதிரி ஒன்றைக் கழற்றிக்கொண்டே பேசினான். ஒரு சொல் புரியாவிட்டாலும் இவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிடுங்கள் என்று நான் சொன்னதற்கு மட்டும் அந்தத் தலை ஆடவில்லை.

எங்கள் பக்கத்தில் பெண் எடுப்பது, தண்ணிக்குப் போர் போடுவது, பங்காளி மேல் வழக்குப் போடுவது எதுவானாலும் அம்மன் கோயிலில் பூக்கேட்டுத்தான் முடிவு. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். இரண்டையும் அம்மன் காலடியில் போட்டு ஒன்றை எடுத்துப் பிரிப்பார்கள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவள் நான்தான். "வாங்க, ஆத்தாளையே கேட்டுப்போடலாம்" என்று கூட்டிப்போனேன். இந்தக் கருமத்தை வீட்டில் வைத்துக்கொள் என்று எந்தத் தெய்வம் சொல்லும் என்கிற தைரியம்.

பூசாரி தீர்த்தகிரி விவரம் கேட்டார். "மொட்டையாக் கேக்கக் கூடாதுங்க. ஆத்தாளுக்கு வெளங்கற மாதிரி கேக்கோணும்."

"வெள்ளை வந்தா ரிப்பேர் பண்ணி ஊட்டுல வெக்கறதுங்க. செவப்பு வந்தா எடைக்குப் போடறது" என்றேன்.

அவர் அம்மன் பக்கம் திரும்பி, "ஆத்தா, குணசீலன் ஊட்டுல தூசி உறிஞ்சற மெஷினு ஒண்ணு கெடக்குது. கரன்ட்டுல ஓடறது. ஆனா ஓடல. நீதான் ஒரு வழி சொல்லோணும்" என்று கற்பூரம் காட்டினார். பொட்டலத்தைப் பிரித்தால் வெள்ளை.

அதோடு இரண்டு பேரும் மாட்டிக்கொண்டோம். கொஞ்ச நாளிலேயே இவருக்குச் சலித்துவிட்டது. எத்தனை முறை பூட்டினாலும் நாலைந்து திருகாணி மிஞ்சியது. "எடைக்கே போட்டறலாமா புள்ள?" என்று பாவமாகக் கேட்டார். போட்டுத் தொலையுங்கள் என்று நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் மகள் மாசமாக இருக்கிறாள். அம்மன் வாக்கை இரும்பு விலைக்குப் போட எனக்குத் துணிச்சல் இல்லை.

ஊரில் விசயம் பரவியது. அம்மன் வாக்குக் கொடுத்த மெஷினைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். யாரோ சந்தனம் வைத்துப் பொட்டிட்டார்கள். யாரோ குழாய் வாயில் எலுமிச்சம்பழம் செருகினார்கள். தரையில் கிடந்த திருகாணி ஒன்றை ஒரு பாட்டி தொட்டுக் கும்பிட்டபோது நான் உள்ளே போய் அரிசி களைய ஆரம்பித்தேன். ஆவணி நெருங்கிக்கொண்டிருந்தது.

கடைசியில் ராசிபுரத்தில் மோட்டாருக்குக் கார்பன் பிரஷ் வாங்கி மாட்டினார். மோட்டார் உறுமியது. இனி தூசி போய்ச் சேருகிற துணிப்பை மட்டும் வேண்டும். பழையது மக்கி நார்நாராகிவிட்டது. அதை எடுத்துக்கொண்டு கடைவீதிக்குப் போனார். துணி வாங்கி வந்து என்னிடம் கொடுப்பார் என்று தையல் மெஷினுக்கு எண்ணெய் போட்டு வைத்தேன். புதுப் பையோடு திரும்பினார். பேன்ட் தைக்கிற காளிதாஸிடம் கொடுத்துத் தைத்து வாங்கியிருக்கிறார்.

"ஏனுங்க, நான் ஒருத்தி இந்த ஊட்டுல எதுக்கு இருக்கறன்?"

"நீ ஜாக்கெட்டுத்தான தெப்ப. இது மெஷின் சாமான் புள்ள."

இத்தனை வருசம் பக்கத்தில் படுத்தவருக்கே நான் தையல்காரி என்று தோன்றவில்லை. ஊர்க்காரர்கள் எப்படிக் கடைக்கு வருவார்கள் என்று பயமாகவும் இருந்தது.

காளிதாஸுக்குக் கை போனபடிதான் வந்திருக்கிறது. பைக்கு அடியில் பேன்ட் கால் மாதிரி மடிப்பு, பக்கவாட்டில் ஒரு பாக்கெட். தீர்த்தகிரி கற்பூரம் காட்ட, கூட்டத்துக்கு நடுவில் இவர் சுவிட்சைப் போட்டார். உள்ளே போன தூசி தையல் இடுக்கு வழியாக அப்படியே பின்பக்கம் பீறிட்டது. ரயில்வே அதிகாரி வீட்டு அரை நூற்றாண்டு அழுக்கும் சேர்ந்து வந்திருக்க வேண்டும். எல்லோரும் சாம்பல் நிறமாகிப்போனோம். சிலர் அதைத் திருநீறு என்று நெற்றியில் பூசிக்கொண்டார்கள்.

நான் பையைப் பிடுங்கி எறிந்தேன். லைனிங் துணியை இரட்டையாக மடித்து, ஓரத்தை உள்ளே சுருட்டி, இரட்டைத் தையல் போட்டு, உலை கொதிப்பதற்குள் ஒரு பை தைத்துக் கொண்டுவந்தேன். மாட்டினோம். மெஷின் தூசியை உறிஞ்சியது, எலுமிச்சம்பழத்தை உறிஞ்சியது, தீர்த்தகிரியின் வேட்டி முனையையும் பிடித்துக்கொண்டது. "ஆத்தா வாக்குப் பொய்க்காதுங்க. குணசீலனுக்கு என்ன கைராசி பாத்தீங்களா" என்றார் அவர் வேட்டியை இழுத்துக்கொண்டே. பையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அதன் பிறகு ரிப்பேருக்கென்று வீட்டுக்கு வந்த மிக்ஸிகளுக்குக் கணக்கில்லை. டேபிள் ஃபேன், கிரைண்டர், ஓடாத கடிகாரம் எல்லாம் முன்னறையில் குவிந்தன. போர்வண்டி ஓட்டுகிற செங்கோடன் காலை நீட்டி உட்கார்ந்து, "மூட்டுல வாயு புடிச்சிருக்குதுங்க. உறிஞ்சி எடுத்துருங்க" என்றார். இவரும் குழாயை முழங்காலில் வைத்து எடுத்தார். வலி தேவலை என்று அந்த ஆள் ரெண்டு தேங்காய் கொடுத்துவிட்டுப் போனார். ஆலையில் ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிடப்படாத மனுசன், இப்போது நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். அதைப் பார்க்க எனக்கும் சந்தோசம்தான். ஆனால் அது என் அறை.

முகூர்த்தத்துக்கு முதல்நாள், அறையைக் காலி செய்யச் சொன்னேன்.

"ஆத்தாளே கை காட்டின தொழிலு புள்ள. உன்ற கடைய தை மாசம் வெச்சுக்கலாமே. வேணும்னா பூக்கேட்டுப் பாக்கலாம்."

"கேட்டுட்டு வாங்க. வெள்ளை வந்தா வெள்ளைத்துணி தெக்கறன். செவப்பு வந்தா செவப்புத்துணி தெக்கறன்."

அவர் போகவில்லை. விடிந்ததும் மிக்ஸிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பின்னால் மாட்டுக் கொட்டாயில் அடுக்கினேன். அம்மன் கோபித்துக்கொள்வாளோ என்று ஒவ்வொரு நடைக்கும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். நடையை நிறுத்தவில்லை. பழைய கதவொன்றை இரண்டு ஸ்டூல் மேல் போட்டு வெட்டுமேசையாக்கினேன். தையல் மெஷினைச் சமையலறையிலிருந்து இழுத்து வர ஆளில்லாமல் திணறியபோது, மறுபக்கம் வந்து பிடித்தது அவர்தான். ஜன்னலோரம் வைத்தோம். பிறகு அவர் பச்சை உருளையைத் தூக்கப் போனார்.

"அது இங்கயே இருக்கட்டுமுங்க. பை என்னுது" என்றேன். அவர் ஸ்க்ரூ டிரைவரை மட்டும் எடுத்துக்கொண்டு கொட்டாய்க்குப் போனார்.

விளக்கேற்றி உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் யாரும் வரவில்லை. வெயில் ஏறிய பிறகு, அக்குளில் மிக்ஸியை இடுக்கிக்கொண்டு கமலவேணி வாசலில் வந்து நின்றாள். மூன்று தெரு தள்ளி இருப்பவள். அவள் ஜாக்கெட்டில் தோள் இறங்கி, கை இறுக்கிப் பிடித்து, பார்க்கவே சகிக்கவில்லை.

"ரிப்பேர்காரரு இல்லீங்களா அக்கா?"

"கொட்டாயில இருக்காருங்க" என்று டேப்பை எடுத்துக்கொண்டு எழுந்தேன். "மிக்ஸிய அப்பிடி வெச்சுப்போட்டுக் கையத் தூக்கு சாமி, அளவெடுத்துக்கறன்."