வலிக்குதுன்னு சொல்லுங்க

வலி போன மூன்றாம் நாள்தான் செல்லமுத்துவுக்குப் பயம் வந்தது.

அதற்கு முன் இரண்டு வருஷம் அவரிடம் இருந்ததெல்லாம் வலிதான். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிப்பர் லாரியில் இருபத்தாறு வருஷம் குலுங்கியதற்குக் கிடைத்த வெகுமதி அது. இடுப்பில் பிடித்தால் இடது தொடை, கெண்டைக்கால் என்று இறங்கிக் கட்டைவிரலில் போய்ச் சுரீரென்று நிற்கும். நிமிர்ந்தால் உயிர் போகும். ஸ்டியரிங் மேல் கவிழ்ந்து கிடந்தால் கொஞ்சம் விடும். அவர் குனிந்தபடியே நடப்பதைப் பார்த்து, "என்ன மாமா, எதையாச்சும் தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்காத ஆள் ஊரில் இல்லை.

அரியலூரில் எலும்பு டாக்டர் வெற்றிச்செல்வி ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் காட்டிப் பொறுமையாகத்தான் சொன்னார். "முதுகெலும்புல பக்கத்துக்கு ஒரு துவாரமா இருக்குங்க. அது வழியாத்தான் காலுக்கு நரம்பு வருது. உங்களுக்கு நடுவுல இருக்கற ஜவ்வு தேஞ்சு, எலும்பும் வளந்து, இடது பக்கத் துவாரம் சுருங்கிடுச்சு. நரம்பு அதுல மாட்டி நசுங்குது. மொதல்ல மாத்திரை, உடற்பயிற்சி. கேக்கலன்னா நரம்புக்குப் பக்கத்துல ஒரு ஊசி. கால்ல பலம் கொறைஞ்சாதான் ஆபரேஷன் பண்ணித் துவாரத்தைப் பெருசாக்கணும்." செல்லமுத்து எழுந்திருக்கும்போது மறுபடியும் உட்கார வைத்தார். "ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கங்க. வலி நின்னுபோய்க் கால் மரத்தாலோ, பாதத்தத் தூக்க முடியாம போனாலோ அன்னிக்கே வந்துடணும். கொணமாயிடுச்சுன்னு இருந்துடாதீங்க."

செல்லமுத்துவின் காதில் ஆபரேஷன் என்ற ஒரு வார்த்தைதான் விழுந்தது. முதுகில் கத்தி வைத்தால் படுத்த படுக்கைதான் என்று டிரைவர்கள் பேசிக்கொள்வார்கள். மாத்திரையைப் பாதியில் விட்டார், பயிற்சியைத் தொடங்கவே இல்லை. அவர் மனைவி மலர்கொடி திரௌபதி அம்மனிடம் போய் நின்றாள். வலி போனால் புருஷன் தீ மிதிப்பார் என்று வேண்டிக்கொண்டாள். வேண்டுதல் அவளுடையது, கால் இவருடையது.

அந்த வருஷத் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுகிற நாளன்று காலையில் கண் விழித்தார். வலி இல்லை. மெதுவாக எழுந்து நிமிர்ந்தார். அப்போதும் இல்லை. மலர்கொடி அழுதுகொண்டே தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்தாள். அன்று மாலையே அவர் கையில் மஞ்சள் காப்பு ஏறியது.

மூன்றாம் நாள் மஞ்சள் வேட்டி வாங்கப் பெரம்பலூர் போனார். பஸ் ஸ்டாண்டில் இறங்கி டீக்கடைப் பக்கம் நடந்தபோது ஒரு பூக்காரம்மா கூப்பிட்டார். "அண்ணே, ஒத்தச் செருப்ப அங்கயே வுட்டுட்டுப் போறீங்களே!"

திரும்பிப் பார்த்தார். இடது செருப்பு பஸ் படியருகில் கிடந்தது. கொதிக்கிற சித்திரை வெயிலில், தார்த் தரையில், இருபது அடி வெறுங்காலோடு வந்திருக்கிறார். ஒன்றும் தெரியவில்லை.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து வலது கட்டைவிரலைத் தூக்கினார். தூக்கியது. இடதைத் தூக்கினார். அது பேசாமல் கிடந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி முயன்றார். யாருடைய காலையோ பார்த்துக்கொண்டிருப்பதாகத் தோன்றியது. டாக்டர் சொன்னதெல்லாம் அப்போதுதான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது.

யாரிடம் சொல்வது? காப்புக் கட்டியவன் பின்வாங்கினால் குடும்பத்துக்கு ஆகாது. தெருவெல்லாம் சர்க்கரை தின்றிருக்கிறது. இன்னும் நாலு நாள்தானே, மிதித்துவிட்டுப் போய்க்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அந்த நாலு நாளும் அவர் சோறு தின்றதாகப் பேர்தான்.

தீமிதி அன்று பொழுது சாயும் நேரம். ஏரியில் குளித்து, வேப்பிலை கட்டி, எழுபது பேர் வரிசையாகக் கோயிலை நோக்கி நடந்தார்கள். செல்லமுத்துவின் இடது பாதம் தரையைத் தேய்த்துக்கொண்டு வந்தது. தூரத்தில் தீக்குழி சிவந்து கிடந்தது. இருபது அடி நீளம். இரண்டாவது அடியில் விரல் தடுக்கும், தணலில் முகம் குப்புற விழுவேன் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது. தாயே, தாயே என்பதைத் தவிர வாயில் எதுவும் வரவில்லை. உடம்பு வெடவெடவென்று ஆடியது. அருள் வந்துவிட்டதென்று ரெண்டு பேர் தாங்கிப் பிடித்தார்கள்.

பின்னால் வந்த பங்காளி நல்லதம்பி கத்தினான். "அண்ணே, கால்ல ரத்தம்!"

இடது கட்டைவிரலுக்கு அடியில் ஒரு வேலிக்காத்தான் முள் அடிவரை ஏறியிருந்தது. வந்த வழியெல்லாம் மண்ணில் சிவப்புத் திட்டு. பெண்கள் குலவையிட்டார்கள். "முள்ளு ஏறுனதே தெரியல பாரு! ஆத்தா எறங்கிட்டாடி!"

மலர்கொடி பெருமையோடுதான் குனிந்தாள். பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு முள்ளைப் பிடுங்கினாள். ஒரு விரல் நீளம் வந்தது. ரத்தம் குபுக்கென்று கொட்டியது. அவர் கால் ஒரு நூல்கூட இழுக்கவில்லை. அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். சாமி வந்த முகம் அல்ல அது. முப்பது வருஷமாகத் தெரிந்த மனுஷன் பயந்து செத்துக்கொண்டிருக்கிற முகம்.

அவள் முள்ளின் முனையை மறுபடி அந்தப் பாதத்தில் வைத்து அழுத்தினாள். "வலிக்குதாங்க?"

இல்லை என்று அவர் தலையை ஆட்டினார்.

"வலிக்குதுன்னு சொல்லுங்க. ஒரே ஒரு தடவ சொல்லுங்க."

"வலிக்கல மலரு," என்றார். "மூணாம் நாள்லேருந்தே தெரியும். ஒன்கிட்ட சொல்லப் பயமா இருந்துச்சு."

இரண்டு வருஷமாக அவள் கேட்கத் தவம் கிடந்த வார்த்தை அது. அதைக் கேட்டு ஓவென்று அலறினாள். மேளச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அவர் கையைப் பிடித்து வரிசையிலிருந்து வெளியே இழுத்தாள். பூசாரி ஏதோ கத்தினார். அவள் திரும்பவே இல்லை.

நல்லதம்பியின் ஆட்டோ அரியலூர் ரோட்டில் பறந்தது. அவர் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு மலர்கொடி ஒவ்வொரு விரலாகக் கிள்ளிக்கொண்டே வந்தாள். "இது? இது வலிக்குதா? இது?"

செல்லமுத்து கண்ணை மூடி, கையிலிருந்த காப்பை இறுகப் பிடித்திருந்தார். இவள் வேண்டி வாங்கிய குணத்தைத் திருப்பி எடுத்துக்கொள் தாயே, எனக்கு அந்த வலியைக் கொடுத்துவிடு என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.