வரம்புக்கு மேலான வலி

நீதிபதி நஷ்டஈட்டுத் தொகையை வெட்டிய வியாழக்கிழமை மதியம், ஃபிலமீனா போர்பாவின் வலியில் சட்ட வரம்புக்கு மேற்பட்ட பகுதி அவளை விட்டு எழுந்து, நீதிமன்றப் படிகளில் இறங்கி, இருட்டுவதற்குள் ஜூரிகள் பன்னிரண்டு பேர் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. கலிஃபோர்னியாவின் நடுப் பள்ளத்தாக்கில் பாதாம் விலை விழுந்திருந்த வருஷம் அது. ஊரில் பேச இந்த இரண்டு சங்கதிதான் இருந்தது.

வழக்கு ஒன்றும் சிக்கலானதல்ல. பித்தப்பையை எடுக்கப் போன மருத்துவர் வெட்டக் கூடாத குழாயையும் சேர்த்து வெட்டிவிட்டார். ஃபிலமீனா பால்பண்ணைக்காரர் மனைவி, வெளிவேலைக்குப் போகாதவள். இழந்த சம்பளம் என்று கோர்ட்டில் காட்ட அவளிடம் ஒன்றுமில்லை, வலி மட்டும் இருந்தது. வலிக்கு மாநிலம் உச்சவரம்பு வைத்திருந்தது: கால் மில்லியன் டாலர். அப்படி ஒரு வரம்பு இருப்பதை ஜூரிகளிடம் மூச்சுவிடக் கூடாது என்பதும் நடைமுறை. பாவம், அவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு சண்டை போட்டு, அழுது, அதைப் போலப் பல மடங்கு எழுதிக் கொடுத்தார்கள். நீதிபதி நன்றி சொல்லி அனுப்பிவைத்துவிட்டு, பிறகொரு நாள் சாவகாசமாக வெட்டினார். மிச்ச வலி அவளுடையதல்ல என்று சட்டமே சொல்லிவிட்ட பிறகு அது அவளிடம் எப்படி இருக்கும்? அது, வலி உண்மைதான் என்று ஒத்துக்கொண்டவர்களைத் தேடிப் போயிற்று.

வலது விலா எலும்புக்குக் கீழே, ஆளுக்கொரு பங்கு. பன்னிரண்டு பேரில் ஒருவன் நெவாடாவுக்கே குடிபோனான், வலியும் கூடவே போயிற்று. ஜூரித் தலைவர் டேல் என்ஸ் தன் பம்பு ரிப்பேர் கடையில் மேஜை மேல் குப்புற விழுந்து கிடப்பார்.

"இந்தச் சனியன் அந்த டாக்டர்கிட்டப் போயிருக்கலாமில்ல?" என்று யாராவது கேட்டால், "அவருக்குத்தான் இன்சூரன்ஸ் இருக்கேப்பா" என்பார். சொல்லிச் சிரித்ததற்கும் சேர்த்து வலிக்கும்.

பள்ளிப் பேருந்து ஓட்டும் வெர்லா டிட்வெலுக்கு மட்டும் வரவில்லை. அவள் மாற்று ஜூரி. பன்னிரண்டு பேரில் யாராவது படுத்துவிட்டால் அந்த இடத்தில் உட்கார, வழக்கு முழுவதையும் வரிசைக் கடைசியில் இருந்து கேட்டவள். யாரும் படுக்கவில்லை, எனவே அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வரம்புக்குள்ளேயே ஏதோ சொல்லியிருப்பாள். சாட்சிக் கூண்டில் ஃபிலமீனா அழுதபோது, 'இந்தம்மா கொஞ்சம் கூடுதலாவே அழுவுது' என்றுதான் அவளுக்குப் பட்டது.

ஃபிலமீனாவால் மறுபடி அடுப்பின் முன் நிற்க முடிந்தது. ஒவ்வொரு ஈஸ்டருக்கும் முட்டை வைத்த இனிப்பு ரொட்டி சுட்டு, நெவாடாவுக்குத் தபாலிலும் மற்றவர்களுக்குக் கையிலுமாகக் கொடுத்தாள். வெர்லாவுக்கு வராது. வலி வராததில் அவளுக்கு நிம்மதி, ரொட்டி வராததில் சின்ன வருத்தம். வருஷங்கள் அப்படியே ஓடின.

மூடுபனி இறங்கிய ஒரு ஜனவரியில் டேல் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். அவர் பங்கு இனி யாருக்கு? இதற்கெல்லாம் முன்தீர்ப்பு கிடையாது என்றார் ஃபிலமீனாவின் வக்கீல். "அது எங்கிட்டத் திரும்பி வந்துச்சுன்னா நான் உசுரோட இருக்க மாட்டேன்" என்று புருஷனிடம் சொல்லிவிட்டுத்தான் ஃபிலமீனா சவ அடக்கத்துக்கு வந்தாள். தேவாலயத்தின் கடைசி வரிசையில், முன் பெஞ்சை இரண்டு கையாலும் பிடித்தபடி காத்திருந்தாள். கடைசிப் பாட்டு முடிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த வெர்லா சத்தமில்லாமல் இரண்டாக மடிந்தாள்.

"உங்களுக்கா வந்துச்சு?" என்றாள் ஃபிலமீனா.

வெர்லா பெஞ்சைப் பிடித்து மெல்ல நிமிர்ந்தாள். "இது ஒரு பங்குதானா? பன்னெண்டுல ஒண்ணா?"

"ஒண்ணுதாங்க."

"அடக் கடவுளே. அந்தப் பன்னெண்டு பேரும் போட்ட தொகையே பத்தாதும்மா."

ஃபிலமீனா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தப்பித்த சந்தோஷத்தில் வந்த அழுகைதான் அது. அதற்காகக் கூசவும் கூசினாள்.

திங்கட்கிழமை வெர்லா பேருந்தை எடுத்தாள். ரயில் பாதைக்கு முன்னால் விதிப்படி நிறுத்தி, கதவைத் திறந்து, ரயில் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுக்கும்போது விலாவை ஒரு கையால் அழுத்திக்கொண்டாள். பிள்ளைகள் பார்த்துப் பழகிவிட்டார்கள். அந்த ஈஸ்டருக்கும் ரொட்டி பன்னிரண்டுதான். டேல் வீட்டுக்குப் போக வேண்டியது வெர்லா வீட்டுக்குப் போயிற்று.

அந்த வழக்குக்கு மாற்று ஜூரி ஒருத்திதான், அவளும் இடத்தில் உட்கார்ந்தாயிற்று. இப்போதெல்லாம் அந்தப் பன்னிரண்டு பேரில் யாருக்கு லேசாக இருமல் என்று கேள்விப்பட்டாலும், கீரை சூப்போடு ஃபிலமீனா வாசலில் வந்து நிற்கிறாள்.