ஒரு ஃபிரிட்ஜ் மெக்கானிக் எழுதுகிறார்

செருப்புக் கடைக்கு மேலே இரண்டு அறைகள். முன் அறையில் நான்கு மேசைகள், பின் அறையில் முதலாளி. முதலாளிக்கு எந்த வாக்கியத்தையும் ஆச்சரியக்குறி இல்லாமல் முடிக்கத் தெரியாது. கதவைச் சாத்தச் சொல்லிச் சுவரில் ஒட்டிய காகிதத்திலேயே மூன்று போட்டவர். அதனால் முன் அறையில் அவருக்கு ஆச்சரியக்குறி என்றே பெயர்.

அங்கே நடந்த வியாபாரத்தைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். ஒரு டீயின் விலைகூடப் பெறாத பங்குகள் சந்தையில் உண்டு, பென்னி ஸ்டாக் என்பார்கள். நேற்று முளைத்த தொழில்நுட்பக் கம்பெனிகளின் பங்குகள். கம்பெனி என்றால் பெரும்பாலும் ஒரு பெயர்ப்பலகையும் நான்கு படங்களும்தான். அவர்கள் கூலியைப் பணமாகத் தராமல் பங்காகத் தருவார்கள். ஆபீஸ் வாரம் இரண்டு மடல் எழுதி ஆயிரக்கணக்கான போன்களுக்கு அனுப்பும். படித்தவர்கள் வாங்க வாங்க விலை ஏறும். நன்றாக ஏறி நிற்கும் ஒரு நாளில் கம்பெனிக்காரர்களும் ஆச்சரியக்குறியும் தங்கள் பங்கையெல்லாம் விற்றுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே.

அந்த மடல்களை எழுதியவள் பதினாறு வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவள். அச்சகம் மூடியதும் இங்கே வந்தாள். தப்பில்லாத எழுத்தை ஜனங்கள் நம்புவார்கள் என்று ஆச்சரியக்குறிக்குத் தெரிந்திருந்தது. அவளும் ஒரு பொய்யைக்கூட ஒற்று விடாமல் எழுதினாள்.

கம்ப்ரஸரே இல்லாமல் குளிர வைக்கும் சில்லு ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்ன கம்பெனி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. விரல்நகம் அளவு சில்லு, அதை ஃபிரிட்ஜுக்குள் ஒட்டினால் போதும் என்றார்கள். ஒட்டி யாரும் பார்த்ததில்லை. ஆச்சரியக்குறி, இதற்கு நிபுணர் கட்டுரை வேண்டாம், கையில் கறை படிந்த ஒருத்தன் எழுதிய கடிதம் வேண்டும் என்றார். வாசகர் கடிதம். அந்த மாதிரிக் கடிதங்களை எழுதுவதும் அவள் வேலைதான்.

அவளுக்குத் தெரிந்து கையில் கறை படிந்தவன் ஒருத்தன்தான் இருந்தான், அவள் தம்பி. ஃபிரிட்ஜ் மெக்கானிக். அப்பா அம்மா போன பிறகு அவளுக்கு ரத்த சொந்தம் என்று மிச்சம் இருந்ததும் அவன் ஒருவனே.

போன் போட்டு, காஸ் கசிந்தால் எப்படிக் கண்டுபிடிப்பாய் என்று கேட்டாள். அவனிடம் அதுவரை யாரும் இதையெல்லாம் கேட்டதில்லை. முக்கால் மணி நேரம் பேசினான். சோப்பு நுரையைக் குழாயில் தடவினால் கசிகிற இடத்தில் குமிழ் விடும், ஆனால் பழகியவனுக்கு நுரையே வேண்டாம், அந்த இடத்தில் லேசாக எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும் என்றான். கம்ப்ரஸரை உள்ளங்கையால் தொடக்கூடாது, புறங்கையைத்தான் வைக்க வேண்டும், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைப் பார்ப்பது போல என்றான். எல்லா ஃபிரிட்ஜும் ஒருநாள் கம்ப்ரஸரால்தான் சாகும் என்றான். அவள் எதிர்முனையில் எழுதிக்கொண்டே இருந்தாள்.

கடிதம் வெள்ளிக்கிழமை போயிற்று. 'ஒரு ஃபிரிட்ஜ் மெக்கானிக் எழுதுகிறார்' என்று தலைப்பு. இருபது வருடம் கம்ப்ரஸருக்குப் புறங்கை வைத்துப் பார்த்தவன், இந்தச் சில்லு வந்தால் என் தொழில் போகும், போகிற தொழிலோடு நானும் போவதைவிட வருகிறதில் ஒரு பங்கு வாங்கிவிட்டேன் என்று எழுதியிருந்தான். அவள் எழுதியவற்றிலேயே நல்ல எழுத்து அதுதான். ஆச்சரியக்குறி பின் அறையிலிருந்து எழுந்து வந்து அவள் மேசையைத் தட்டிவிட்டுப் போனார்.

நான்காம் நாள் தம்பி கூப்பிட்டான். மெக்கானிக்குகளின் குழுவில் புட்டி அந்தக் கடிதத்தைப் போட்டிருந்தாராம். புட்டி என்பது உதிரிபாகக் கடையில் தம்பியோடு காலை டீக்குக் கூடும் ஏழு பேரில் மூத்தவர். சோடாப்புட்டிக் கண்ணாடி போட்டதால் வந்த பெயர். அக்கா ஏதோ பங்குச் சந்தைப் பத்திரிகையில் பிழை திருத்துகிறாள் என்றுதான் தம்பிக்குத் தெரியும்.

"நான் உன்கிட்ட சொன்னேன்ல, புறங்கைன்னு. அவனும் அதையே சொல்றான்க்கா. தொழில் தெரிஞ்சவன் எவனும் ஒரே மாதிரிதான் பேசுவான்."

அப்போதே சொல்லியிருக்கலாம். அந்த ஒரு நிமிடத்தை அவள் பிறகு எத்தனையோ தடவை எடுத்துப் பார்த்திருக்கிறாள். சொல்லவில்லை. கேட்டதெல்லாம், நல்லா எழுதியிருக்கானா என்பதுதான். படிக்கும்போது நெஞ்சை அடைத்தது என்றான் தம்பி. போனை வைத்த பிறகு வெகுநேரம் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. நீ வாங்கப் போகிறாயா என்று கேட்கத் தோன்றவேயில்லை.

விலை ஆறு வாரத்தில் ஐந்து மடங்கு ஏறியது. ஒரு சனிக்கிழமை மாலை ஆச்சரியக்குறி முன் அறைக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, விற்பது வியாழக்கிழமை என்றார். அந்த வாக்கியத்துக்கு மட்டும் ஆச்சரியக்குறி இல்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அவள் தம்பி வீட்டுக்குப் போனாள். போனது சும்மா பார்க்கத்தான். முன்கட்டு முழுக்கக் கழற்றிப்போட்ட ஃபிரிட்ஜ் கதவுகள். தம்பி மனைவி வாயெல்லாம் பல்லாக வரவேற்றாள். சொந்தக் கடை பிடிக்க ஒன்பது வருடமாகச் சேர்த்த பணத்தை இவர் ஒரு இடத்தில் போட்டார், இப்போது கடை என்ன, கட்டிடமே வாங்கலாம் போலிருக்கிறது என்றாள். எந்த இடம் என்று அக்கா கேட்க வேண்டியிருக்கவில்லை.

அவனைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போனாள். நாளைக்கே எல்லாவற்றையும் விற்றுவிடு என்றாள். அவன் சிரித்தான்.

"மெக்கானிக்கே இன்னும் விக்கல, நான் எதுக்கு விக்கணும்?"

"எந்த மெக்கானிக்கு?"

"நம்ம ஆளுக்கா. நான் அவனுக்குக் கடிதம் போட்டேன். பதில் போட்டிருக்கான் பாரு."

போனை நீட்டினான். நம்பிக்கையோடு இருங்கள் சகோதரரே, கம்ப்ரஸர் சூடாவதற்கு முன் கையை எடுக்காதீர்கள் என்று இரண்டு வரி. அவள் எழுதிய வரிதான். வாசகர்களுக்கு அனுப்பவென்று ஒரே பதிலை எழுதி வைத்திருந்தாள். வருகிற கடிதங்களைத் திறக்காமலே, பெயரைக்கூடப் பார்க்காமல், தினம் நூறு இருநூறு பேருக்குத் தட்டிவிடுவாள். அந்த நூறில் இவனும் ஒருத்தன்.

"அப்படி ஒரு ஆளே இல்லடா. நான்தான் எழுதினேன்."

அவன் நம்பவில்லை. அக்காவுக்கு ஏன் இந்தப் பொறாமை என்று விளையாட்டாகக் கேட்டான். அவள் கடிதத்தை முதல் வரியிலிருந்து மனப்பாடமாகச் சொல்ல ஆரம்பித்தாள். நுரை, பிசுக்கு, புறங்கை என்று வர வர அவன் முகம் மாறியது. பாதியில் போதும் என்று கையைக் காட்டினான். பக்கத்தில் கிடந்த தாமிரக் குழாய்த் துண்டை எடுத்து, வளைத்து, நிமிர்த்தி, மறுபடியும் வளைத்தான்.

"அன்னைக்கு அவ்வளவு நேரம் கேட்டியே. நான் என் தொழிலைப் பத்தித்தான் கேக்கறேன்னு நினைச்சேன்."

அவள் வியாழக்கிழமை நடக்கப்போவதைச் சொன்னாள். நாளைக்குக் காலையில் விற்றால் போட்டதற்கு ஐந்து மடங்காக வெளியே வந்துவிடலாம் என்றாள். அவன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அப்போ ஏழு பேருக்கும் இன்றைக்கே சொல்லிவிடுகிறேன் என்று எழுந்தான். அவர்களை வாங்க வைத்ததே அவன்தானாம். அக்கா ஷேர் மார்க்கெட் பத்திரிகையில் இருக்கிறாள், தப்பாகப் போகாது என்று அவளையே சாட்சிக்கு இழுத்திருக்கிறான். புட்டி மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்ததைப் போட்டிருந்தார்.

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். ஏழு பேருக்குச் சொன்னால் எழுபது பேருக்குப் போகும். எழுபது பேரும் திங்கட்கிழமையே விற்றால் விலை சரியும், எங்கிருந்து கசிந்தது என்று முதலாளி தேடுவார், குழுவில் ஒருத்தன் போலீசுக்குப் போனாலும் எழுதினது யார் என்று என் பெயர்தான் வரும் என்றாள்.

"உன்னுதை மட்டும் வித்துடுடா. யார்கிட்டயும் மூச்சு விடாதே. நான் ஜெயிலுக்குப் போயிடுவேன்."

அவன் அவளையே பார்த்தான். சின்ன வயதில் அவள் செய்த தப்புக்கு அடி வாங்கிக்கொண்டு நின்றபோதும் இப்படித்தான் பார்ப்பான்.

"சரிக்கா, சொல்லமாட்டேன்" என்றான்.

சத்தியம் எதுவும் கேட்கவில்லை அவள். அவன் சரி என்றால் சரிதான்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு விலை விழ ஆரம்பித்தது. சாப்பாட்டு நேரத்தில் வாங்க ஆளில்லை. மறுநாள் மாலை அவள் தம்பியைக் கூப்பிட்டு, முடிந்ததா என்று கேட்டாள். முடிஞ்சுதுக்கா என்றான் அவன். விற்றுவிட்டான் என்று எடுத்துக்கொண்டாள். அன்றைக்குப் பல நாளுக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டாள். நிம்மதியாகத் தூங்கினாள். இதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

அதன் பிறகு அவன் அதிகம் பேசவில்லை. கூப்பிட்டால் வேலையில் இருக்கிறேன் என்பான். கோபம் ஆற நாளாகும் என்று அவள் விட்டுவிட்டாள். அடுத்த இரண்டரை மாதத்தில் ஆபீஸுக்கு வேறு இரண்டு கம்பெனிகள் வந்தன. ஒன்றுக்குப் பள்ளிக்கூட வேன் ஓட்டுநராகவும், இன்னொன்றுக்கு ஓய்வு பெற்ற நர்ஸாகவும் கடிதம் எழுதினாள். யாரையும் போன் போட்டுக் கேட்காமல் எழுதினாள். அதனாலோ என்னவோ, அவ்வளவு நன்றாக வரவில்லை.

தம்பி ஒரு பழைய குளிர்பதனக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்திருந்தது அவளுக்குத் தெரியாது. அமோனியாவில் ஓடுகிற பெரிய இயந்திரம், குழாயெல்லாம் துருப்பிடித்தது. அனுபவமுள்ள எவனும் அதற்குள் கால் வைக்க மாட்டான், அதனால் இரட்டைச் சம்பளம். அந்தச் சம்பளத்தை வாரா வாரம் ஏழாகப் பிரித்து, உதிரிபாகக் கடைக்குக் கொடுத்தனுப்பிக்கொண்டிருந்தான். தானே போய்க் கொடுப்பதில்லை. ஒரு புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு இயந்திர அறையில் குழாய் விட்டு அமோனியா பரவியது, அவன் உயிரோடு வெளியே வரவில்லை. முகமூடி வாசலில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. மறந்துவிட்டான் என்றார்கள் கிடங்கில். பதினேழு வருடம் காஸோடு பழகியவன்.

எல்லாம் முடிந்து அடுத்த வாரம், தம்பி மனைவி அவன் போனைக் கொண்டுவந்து கொடுத்து, இதில் என்னென்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்லச் சொன்னாள். அக்கா திறந்து பார்த்தாள். பங்குக் கணக்கில் அவன் வாங்கிய அத்தனை பங்குகளும் அப்படியே இருந்தன. ஒன்றைக்கூட அவன் விற்றிருக்கவில்லை. எல்லாம் சேர்த்து ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஆகாது.

"விக்கச் சொன்னேனே" என்று அவள் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

தம்பி மனைவி நிமிர்ந்தாள். எப்போது சொன்னீர்கள் என்று கேட்டாள். பிறகு அவளே விரல்விட்டு எண்ணுவது போல் நாட்களை மனசுக்குள் எண்ணிப் பார்ப்பது தெரிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை பின்கட்டிலிருந்து வந்தவன் சாப்பிடாமல் படுத்ததை, திங்கட்கிழமையிலிருந்து காலை டீக்குப் போகாததை. எண்ணி முடித்ததும் ஒன்றும் கேட்காமல் எழுந்து உள்ளே போனாள்.

அக்காவுக்கு அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் புரிந்தது. அவளைக் காட்டிக்கொடுக்க அவனால் முடியவில்லை, அதனால் சொல்லவில்லை. அவர்களை மூழ்கவிட்டுத் தான் மட்டும் கரையேறவும் முடியவில்லை, அதனால் விற்கவில்லை. இரண்டு பக்கத்துக்கும் நேர்மையாக இருக்க அவன் கண்டுபிடித்த வழி அது ஒன்றுதான்.

சாயங்காலம் ஏழு பேரும் வந்தார்கள். ஒரு உறையை நீட்டினார்கள். தம்பி கொடுத்தனுப்பிய பணம். அவர்கள் அதைத் தொடவேயில்லையாம். தானும் இழந்தவன் எங்களுக்கு எதற்குத் தரவேண்டும் என்றார் ஒருவர். அந்தக் கடிதம் எழுதின மெக்கானிக் மட்டும் கையில் கிடைத்தால் என்று இன்னொருவர் ஆரம்பித்து, துக்க வீடு என்று நிறுத்திக்கொண்டார். அக்காவுக்குத் தண்ணீர் கொடுங்கள், அவங்க முகத்தைப் பாருங்கள் என்று அவர்களே அவளைத் தேற்றினார்கள். பிள்ளையைக் கிள்ளிவிட்டவளுக்கே தொட்டிலாட்டினார்கள்.

மற்றவர்கள் வாசலுக்குப் போன பிறகும் புட்டி நின்றார். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். கண்ணாடி இல்லாமல் அவர் முகம் குழந்தை முகம் போல இருந்தது.

"தப்பா எடுத்துக்கக் கூடாதும்மா. எங்கள்ல ஒருத்தன் ஒரு பேச்சைக் கிளப்பிவிட்டான். விழப்போறது அவனுக்கு முன்னாடியே தெரியும், அதான் அந்த வாரம் பூரா எங்க மூஞ்சியில முழிக்கலைன்னு. நான் சண்டை போட்டுட்டேன். தெரிஞ்சிருந்தா எங்ககிட்ட சொல்லாம இருந்திருப்பானா அவன்?"

உண்மையைச் சொன்னால் அவள் அகப்படுவாள். அதுகூடப் பரவாயில்லை என்று அந்த நேரம் தோன்றியது. ஆனால் உண்மையில் அவனும் இருந்தான். தெரிந்தும் நான்கு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தவனாக இருந்தான்.

"தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பான்" என்றாள்.

"அதைத்தான் நானும் சொன்னேன்" என்றார் புட்டி. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கலங்கிய கண்ணோடு அவளைக் கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனார்.

அவள் திரும்பினாள். தம்பி மனைவி உள்வாசலில் தட்டில் ஏழு டம்ளர்களோடு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தம்பி மனைவி தட்டை அவள் முன்னால் தரையில் வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தக் கதவு அவளுக்கு மறுபடியும் திறக்கவில்லை.