நாய்க்கு ஒரு பந்தி

நாய் தட்டை மோந்து பார்த்துவிட்டுத் தும்மியது. தும்மலில் மூக்குச் சளி இழையாகப் பறந்து சோற்றின் மேல் போய் ஒட்டிக்கொண்டது. பிறகு தட்டை மூக்கால் முட்டி முட்டிக் கொல்லைப்படி வரை நகர்த்தி, அங்கேயே விட்டுவிட்டு, பெரிய வேலை முடிந்த மாதிரி மல்லாந்து படுத்தது. பின்னங்காலைத் தூக்கி, நக்கக் கூடாத இடத்தைச் சப்புக் கொட்டி நக்க ஆரம்பித்தது.

மாயக்காள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"தின்னாத் தின்னு, இல்லாட்டிச் சாவு."

சொன்ன வேகத்திலேயே சுற்றுச்சுவரைத் திரும்பிப் பார்த்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் செல்லத்தாயின் கொல்லை. அவள் காதில் இது விழுந்திருக்கக் கூடாது.

விளாங்குடியில் அந்தத் தெருவின் முதல் மச்சு வீடு மாயக்காளின் தம்பி கட்டியது. இளம் வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்துப் பிறந்த வீட்டுக்குத் திரும்பியவள் அவள். தம்பியும் தம்பி மனைவியும் போய்ச் சேர்ந்த பிறகு சாவிக்கொத்து அவள் இடுப்புக்கு வந்தது. எழுபதை நெருங்கியும் முதுகு வளையவில்லை. தம்பி மகன் பாலமுரளி வங்கி வேலைக்குப் போகிறான். அவன் மனைவி சரண்யாதேவி நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறாள். நாய்களைத் தத்துக் கொடுக்கிறார்கள் என்று யாரோ கூட்டிப்போக, அவள்தான் இந்தச் செவலை நாயை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினாள். ஒரு காது மடிந்து கிடந்தது. இரண்டு கண்ணிலும் பீளை. வாயோரத்தில் எச்சில் நூலாகத் தொங்கி அவள் சுடிதாரை நனைத்திருந்தது.

"பேரு லட்டு, பெரியம்மா."

"சாமிக்குப் படைக்கிற பண்டத்தோட பேரா? கண்டதை நக்குற சென்மத்துக்கா?"

"பாவம் பெரியம்மா, அநாதை."

"அநாதைன்னா கொல்லையில கெடக்கட்டும். நடுவீட்டுக்கு வந்துச்சு, நான் வெளியேறிருவேன்."

கொல்லையில்தான் கிடந்தது. ஆனால் தின்னவில்லை. முதலில் கடையில் விற்கும் நாய்த்தீனியை வாங்கிப் போட்டார்கள். பார்க்க அசல் ஆட்டுப்புழுக்கை; வாடையும் ஏறக்குறைய அப்படித்தான். நாய் ஒன்றை வாயில் போட்டு உருட்டி, செருப்புக்குள் துப்பியது. மாயக்காளின் செருப்பு. பாலும் முட்டையும் வைத்தார்கள். எறும்புதான் தின்றது. கோழி ஈரலை வேகவைத்தார்கள். அடுப்பில் சாம்பல் நிறத்தில் நுரை கட்டிப் பொங்கி வழிந்தது. பிறகு யாரோ சொன்னார்கள் என்று சரண்யாதேவி கோழிக்கால் வாங்கிவந்தாள். நகத்தோடு விறைத்துக்கொண்டு, குழந்தைக் கை மாதிரி விரல் விரித்து நின்ற கால்கள் பழைய குக்கருக்குள் வெந்தபோது எழுந்த நாற்றம் திரைச்சீலையில் ஏறிக்கொண்டது. துவைத்தும் போகவில்லை. அந்தக் கால்களையும் நாய் ஒரு பார்வை பார்த்ததோடு சரி.

பகலில் மற்ற இருவரும் வேலைக்குப் போய்விடுவதால் மத்தியானச் சோறு மாயக்காள் தலையில் விழுந்தது. ஊறிப்போன சோற்றில் ஈ மொய்ப்பதையும், அதை வழித்துக் கொட்டும்போது விரலிடுக்கில் கொழகொழவென்று ஏறுவதையும் நினைத்தாலே அவளுக்குக் காலைக் காப்பி நெஞ்சுக்கு வந்தது.

அருவருப்பைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். பொறுக்க முடியாதது வேறு.

பாலமுரளியின் கல்யாணத்துக்கு மறுநாள் இந்த வீட்டில் கறிவிருந்து நடந்தது. மசாலா அரைப்பு முதல் உப்புப் பார்ப்பது வரை மாயக்காள் நின்று பார்த்த சமையல். பங்காளி வீட்டு மதினி செல்லத்தாய் முதல் பந்தியில் உட்கார்ந்தாள். ஒரு வாய் வைத்தாள். மூக்கைச் சுளித்து, "கறி ஊசிப்போச்சு போலருக்கே" என்று சொல்லி, நிறைந்த இலையை அப்படியே மூடிவிட்டு எழுந்தாள். நல்ல கறி. அன்று காலையில் அறுத்தது. ஆனால் அந்தச் சொல் காதில் விழுந்த பிறகு யாருக்கும் தொண்டையில் இறங்கவில்லை. அண்டா அண்டாவாகக் குழிவெட்டிக் கொட்டினார்கள். தம்பி அதற்குப் பிறகு ஒரு விசேஷத்திலும் நிமிர்ந்து நிற்காமலே செத்துப்போனான். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்காரர்களும் ஒருவர் வீட்டில் ஒருவர் கை நனைப்பதில்லை. ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கிடையாது.

இப்போது இந்த நாயும் இலையை மூடிவிட்டு எழுந்துகொண்டிருந்தது. விலா எலும்பு ஒவ்வொன்றாக வெளியே தெரிந்தது. தெருவில் பூ விற்கும் தங்கப்பொண்ணு வாசலில் நின்று கேட்டேவிட்டாள்:

"என்னத்தா, நாய் இம்புட்டு வத்திப்போச்சு? சோறு கீறு போடுறீகளா இல்லையா?"

"போட்டாத் திங்க மாட்டேங்குது."

"வாயில்லா சீவனே திங்க மாட்டேங்குதா!" தங்கப்பொண்ணு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இவளிடம் சொன்னது பொழுது சாய்வதற்குள் எத்தனை வீட்டு அடுப்படிக்குப் போய்ச் சேரும் என்று மாயக்காளுக்குத் தெரியும்.

மறுநாள் மத்தியானம் தட்டோடு கொல்லைக்குப் போனபோது நாயைக் காணவில்லை. சுவரின் கோடியில், செங்கல் பெயர்ந்த சந்தில் மண் புதிதாகப் பறிக்கப்பட்டிருந்தது. அந்தப் பக்கமிருந்து சளப் சளப் என்று சத்தம். மாயக்காள் துவைக்கிற கல்லில் ஏறி எட்டிப் பார்த்தாள்.

செல்லத்தாய் சுவரோரம் நிற்கும் தன் வாழைமரத்து இலையில்தான் தினமும் சாப்பிடுவாள். சாப்பிட்டுவிட்டு இலையை அங்கேயே மரத்தடியில் வீசுவாள். அந்த இலையை இரண்டு முன்னங்காலாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு நாய் நக்கிக்கொண்டிருந்தது. மென்று துப்பிய முருங்கைச் சக்கை, சப்பிப் போட்ட மீன் முள், கறிவேப்பிலை, எச்சில் பட்ட மோர்ச்சோறு, ஒன்றையும் விடவில்லை. வால் ஆடிய ஆட்டத்தில் இடுப்பே ஆடியது.

செல்லத்தாய் படியில் உட்கார்ந்து பல்லைக் குத்திக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"யாரு, மாயக்காளா? பாத்துக்க. ஒங்க வீட்டுல ஒரு ஆளாச்சும் எங்க வீட்டுல கை நனைச்சிருச்சு."

மாயக்காளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கல்லிலிருந்து இறங்கினாள். சந்து வழியாகக் கையை விட்டு, கழுத்துப் பட்டையைப் பிடித்து நாயை இழுத்தாள். வரும்போது அது இலையையும் கவ்விக்கொண்டு வந்தது. பங்காளி வீட்டு எச்சில் இலை, அவள் கொல்லையில், அவள் கால்மாட்டில்.

சாயங்காலம் சரண்யாதேவி நாயைக் கொடுத்தவர்களுக்குப் போன் போட்டுக் கேட்டாள். பழங்காநத்தத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் பின்புறம் பிறந்து வளர்ந்ததாம். எச்சில் இலைக் குவியல்தான் அதற்குத் தாய்ப்பால் மாதிரி. மனுஷர் தின்று மிச்சம் வைத்தால்தான் அது சோறு என்று நினைக்கிறதோ என்னவோ என்றார்களாம்.

"த்தூ!" என்றாள் மாயக்காள்.

"பேசாமத் திருப்பிக் குடுத்துருவோம் அத்தை," என்றான் பாலமுரளி. "ஒங்களுக்கு எதுக்கு இந்தச் சங்கடம்?"

"குடுத்துட்டு? இந்த வீட்டுச் சோறு எறங்காம நாய் ஓடிப்போச்சுன்னு அவ தெருத்தெருவாச் சொல்றதுக்கா? ஒங்கப்பன் தலையில அவ வாரிப் போட்ட மண்ணு போதாதா?"

"அப்ப கட்டிப் போடுவோம்."

கட்டிப் போட்டார்கள். மறுநாள் மத்தியானம் செல்லத்தாய் இலையை வீசிய சத்தம் கேட்டதும், நாய் அந்தச் சுவரைப் பார்த்து முகத்தைத் தூக்கி ஊளையிட்டது. இழவு வீட்டு ஒப்பாரி மாதிரி தெருமுனை வரை கேட்டது. பட்டினி கிடக்கிற நாயின் ஊளை என்று பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். மாயக்காள் காதைப் பொத்திக்கொண்டு அடுப்படியில் நின்றாள்.

சாயங்காலம் தான் சாப்பிட்ட மிச்சத்தை இலையோடு வைத்தாள் சரண்யாதேவி. நாய் நொடியில் வழித்து நக்கியது. "ராத்திரிக்கு நான் போட்டுருவேன், பெரியம்மா. மத்தியானத்துக்குத்தான்..." என்று இழுத்தாள்.

மாயக்காள் சாப்பிட்ட தட்டில் ஒரு பருக்கை இருக்காது. அவள் எச்சிலை இன்னொருவர் கண்ணால் பார்த்தது கிடையாது. தம்ளரைத் தூக்கித்தான் குடிப்பாள். பெற்ற தாய் தன் தட்டிலிருந்து ஊட்டினாலும் வாங்காத பிள்ளை என்று சின்ன வயதிலேயே பெயர் எடுத்தவள். அந்த வாய் பட்டதை ஒரு நாய்க்குப் போடுவதா? இரவெல்லாம் புரண்டாள். விடிந்ததும் பாலமுரளியை எழுப்பினாள்.

"வெள்ளாட்டுக் கறி வாங்கிட்டு வா. நெஞ்செலும்பாப் பாத்து வாங்கு."

"நாய்க்குக் காரம் ஆகாது, பெரியம்மா," என்றாள் சரண்யாதேவி.

"காரம் பாத்துப் போடத் தெரியும் எனக்கு. நீ காலேசுக்குக் கெளம்பு."

மத்தியானம் கொல்லைப்படியில் தலைவாழை இலையை விரித்தாள். சோறு, மிளகாய் குறைத்த கறிக்குழம்பு, எலும்பு. நாயை அவிழ்த்துவிட்டாள். சுவர்ச் சந்தை ஒரு பலகையால் அடைத்திருந்தாள். ஆனால் அந்தப் பலகை ஒரு முட்டுக்குத் தாங்காது என்று அவளுக்கே தெரியும். முதலில் ஏமாற்றத்தான் பார்த்தாள். கழுவிய கையால் எல்லாவற்றையும் பிசைந்து, அள்ளி, நடுவில் குழிபறித்து, சாப்பிட்டு எழுந்த இலை மாதிரியே ஆக்கி நாய்ப் பக்கம் தள்ளினாள். நாய் மோந்தது. தும்மியது. சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டது.

"சண்டாளப் பயலே," என்று முனகினாள் மாயக்காள்.

இலையை இழுத்துத் தன் முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு வாய் அள்ளி வைத்தாள். கறி மணமாகத்தான் இருந்தது. ஆனால் எதிரே பீளைக் கண்ணோடு, நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு கவளத்தையும் கையிலிருந்து வாய் வரை எண்ணுகிற மாதிரி ஒரு மூஞ்சி. எச்சில் சொட்டிச் சொட்டிச் சிமெண்ட் தரையில் குளமாகியது. எலும்பைக் கடித்து உறிஞ்சி, ஈரத்தோடு இலையில் வைத்தாள். தன் பல்தடம் அதில் தெரிவதைப் பார்த்தபோது குமட்டியது. மென்ற கறிச்சக்கையை விரலால் எடுத்துச் சோற்றோரம் வைத்தபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாதியில் எழுந்து, இலையைக் காலால் தள்ளினாள்.

நாய் பாய்ந்தது. மூச்சுவிடாமல் தின்றது. தொண்டையில் ஒரு கொப்பளிப்புச் சத்தம், எலும்பு நொறுங்கும் சத்தம், இலை கிழியும் சத்தம். மாயக்காள் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு நின்றாள். நகரவில்லை.

அந்தப் பக்கம் இலை விழுந்த சத்தம் கேட்டது. "ஏ ராசா! எங்கடா?" என்று செல்லத்தாயின் குரல். நாய் காதை அசைத்தது. தலையைத் தூக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் சுவருக்கு மேலே செல்லத்தாயின் தலை தெரிந்தது.

"என்ன மாயக்கா, நாய்க்குப் பந்தி வச்சிருக்கியாக்கும்?"

"ஆமா. வீட்டுக்கு வந்தவுகளுக்குப் பந்தி வைக்கிறது எங்க வழக்கம்."

சொல்லி வாய் மூடவில்லை, நாய் நின்றது. முதுகு வில்லாக வளைந்தது. விலா உள்ளே போய் உள்ளே போய் வெளியே வந்தது. கக்... கக்... என்று அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம். வாயைப் பிளந்து, தின்றது அத்தனையையும் சிமெண்ட் தரையில் கொட்டியது. மஞ்சளும் வெள்ளையுமாகக் குவிந்த சோறு, கோழையில் மிதந்த கறித்துண்டு, மேலே ஆவி. புளித்த நாற்றம் முகத்தில் அடித்தது.

செல்லத்தாய் சுவரைத் தட்டிச் சிரித்தாள்.

"அன்னைக்கே சொன்னேன்ல? சொன்னப்ப எம்மேல பாய்ஞ்சீகளே. இந்தா, நாய் வயிறே ஏத்துக்கல!"

குழியில் கொட்டிய அண்டாக்கள் மாயக்காளின் கண்முன் வந்தன. தம்பியின் குனிந்த தலை வந்தது. தெருவில் இன்று சாயங்காலம் தங்கப்பொண்ணு சொல்லப்போகும் ஒவ்வொரு சொல்லும் காதில் கேட்டது. படிக்கட்டின் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

நாய் ஒரு கணம் தலையைச் சாய்த்துத் தான் கக்கியதைப் பார்த்தது. மோந்தது. தும்மவில்லை. நாக்கை நீட்டி ஓரத்தில் ஒரு நக்கு நக்கியது. பிறகு காலை அகட்டி ஊன்றிக்கொண்டு, முதலிலிருந்து தின்ன ஆரம்பித்தது. இந்தத் தடவை அவசரம் இல்லை. கோழையை உறிஞ்சி, கறித்துண்டைத் தேடி எடுத்து, பருக்கை பருக்கையாக ருசித்துத் தின்றது.

"ச்சீ!" என்றாள் செல்லத்தாய். முகத்தைத் திருப்பினாள்.

மாயக்காளின் வயிறு தொண்டை வரை ஏறி வந்தது. அதைப் பல்லைக் கடித்து விழுங்கிக்கொண்டாள். முகத்தைத் திருப்பவில்லை. முந்தானையை மூக்கிலிருந்து எடுத்தாள்.

"போயிராத மதினி, நின்னு பாரு. எங்க வீட்டுச் சோறு. கக்குனாலும் விட மனசு வருதான்னு பாரு."

நாய் சிமெண்ட் தரையைப் பளபளவென்று நக்கி முடித்தது. கிழிந்த இலையை ஒரு முறை சரிபார்த்தது. செல்லத்தாய் இறங்கிப்போனாள். அவள் கொல்லைக் கதவு அறைந்து சாத்தும் சத்தம் கேட்கும் வரை மாயக்காள் நிமிர்ந்து நின்றாள். கேட்டதும் ஓடிப்போய்ச் சாக்கடையோரம் குனிந்து தன் பங்கு முழுவதையும் வாந்தியெடுத்தாள். நாய் எழுந்து அந்தப் பக்கம் வந்தது. அது வாய் வைப்பதற்குள் பக்கெட் தண்ணீரை வாரியடித்துக் கழுவிவிட்டாள்.

உப்புப் போட்டு வாயைத் திரும்பத் திரும்பக் கொப்பளித்துக்கொண்டிருந்தபோது சரண்யாதேவி போனில் கூப்பிட்டாள்.

"பெரியம்மா, லட்டு சாப்பிட்டானா?"

"ரெண்டு தடவை," என்றாள் மாயக்காள்.