பதினோரு குழலும் ஒரு துப்பாக்கியும்

எர்லீன் டெஷொட்டெல் ஆறு வருஷம் விண்ணப்பம் போட்டு ஏமாந்தபிறகு, ஏழாவது வருஷம் குலுக்கலில் அவள் பெயர் விழுந்தது. லூசியானா அரசுக் காட்டில் வருஷத்துக்கு ஒரே ஒரு சனிக்கிழமை, நாற்பது பேருக்கு மட்டும் மான் வேட்டை. பள்ளிக்கூடச் சமையலறையில் முந்நூறு பிள்ளைகளுக்குச் சோறும் பீன்ஸும் கிண்டிப் போடுகிறவளுக்கு, ஒரு நாள் முழுக்க யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடாத இடத்தில் உட்கார்ந்திருக்கலாம் என்பதே பெரிய வரம். அந்த வரத்தில்தான் அவள் கணவன் அல்சீட் மண்ணைப் போட்டான். வேண்டுமென்று செய்திருந்தால் நாலு திட்டு திட்டி ஆறியிருப்பாள். அன்பாகச் செய்து தொலைத்தான்.

அல்சீட்டின் வியாதி ஊருக்கே தெரியும். ஒரு தடவைக்கு ஒரே தோட்டா போட்டு, நடுவில் மடித்துத் திறக்கிற வேட்டைத் துப்பாக்கி இருக்கிறதே, அதில் ஒரு ஆணியைத் தட்டினால் குழல் தனியாகக் கையில் வந்துவிடும். வேறு குழலைப் பொருத்திக்கொள்ளலாம். இந்த வசதியைக் கண்டுபிடித்த மகராசனை எர்லீன் வாரம் தவறாமல் சபிப்பாள். கொட்டகையில் பதினோரு குழல் கிடந்தன. தோளில் முட்டுக்கொடுக்கும் கட்டைகள் எத்தனை என்று அவனுக்கே தெரியாது. அவனுடைய சொந்தத் துப்பாக்கி ஈஸ்டரிலிருந்து மேஜைமேல் துண்டு துண்டாகக் கிடக்கிறது. வீட்டில் முழுசாக இருந்தது எர்லீனின் துப்பாக்கி ஒன்றுதான். அதுவும் அவள் தன் அலமாரியில் பூட்டி வைத்திருந்ததால். போன மாதம் அக்காள் வீட்டுக்கு இரண்டு நாள் போனவள் சாவியை மறந்துவிட்டுப் போனாள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி.

வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்குக் காட்டு வாசலில் துப்பாக்கிச் சோதனை. ஐந்து மணிக்குள் அனுமதி முத்திரை வாங்கியவர்கள்தான் மறுநாள் உள்ளே போகலாம். இது பழைய காலத்து முறையில் வேட்டையாடும் வாரம் என்பதால் சட்டம் இரண்டு: துப்பாக்கியின் குதிரை, அதாவது தோட்டாவின் பின்புறத்தை அடிக்கிற சுத்தி, வெளியே தெரிய வேண்டும்; குழலின் வாய் அகலம் அங்குலத்தில் நூற்றுக்கு முப்பத்தைந்து பங்குக்குக் குறையக் கூடாது. ஊரில் வேட்டைக்காரர்கள் சண்டை போடுவதெல்லாம் குதிரையைப் பற்றித்தான். எது வெளியே, எது உள்ளே என்று கேட்டால் ராத்திரிச் சாப்பாட்டை மறந்து பேசுவார்கள். அல்சீட் அந்தக் குதிரையை மூன்று நாள் தேய்த்துக் கண்ணாடிபோல் ஆக்கியிருந்தான். சோதனை மேஜைமேல் துப்பாக்கியை வைத்துவிட்டு, பெண் கேட்டு வந்தவன் மாதிரி நெஞ்சை நிமிர்த்தி நின்றான்.

சோதனை அதிகாரி டெனீஸ் குதிரையைப் பார்த்துத் தலையாட்டினாள். பிறகு குழலில் பொறித்திருந்த எண்ணைப் படித்தாள்.

"குதிரை ஜோரா இருக்கு சார். குழல்தான் முப்பது. இதை உள்ள விட முடியாது."

எர்லீனுக்கு முதலில் விளங்கவில்லை. அவளுடையது நாற்பத்தைந்து. குனிந்து பார்த்தாள். கட்டை அவளுடையது, கட்டையிலிருந்த கீறல் அவளுடையது, குழல் யாருடையதோ. அல்சீட்டின் முகம் பிசைந்த மாவாகியிருந்தது. குதிரை, குதிரை என்று அலைந்ததில் மற்ற சட்டம் அவன் மண்டையிலேயே நிற்கவில்லை.

"என் குழல் எங்க?" என்றாள், வண்டியில் ஏறியபிறகு.

பெரியப்பா மகன் நோலனிடம் மாற்றிக்கொண்டானாம். நோலன் வீடு போகிற வழியில்தான். நல்லவேளை என்று அவள் நினைத்து முடிப்பதற்குள் நோலன் குழலைக் கொண்டுவந்து நீட்டினான். நீளத்தில் ஒரு சாண் குறைந்திருந்தது. அறுத்த வாயை அரம் போட்டு அழகாக வழித்தும் வைத்திருந்தான். அவள் பார்த்த பார்வையில் நோலன் ஓரடி பின்னால் போனான். புதரில் மாட்டும், நீளத்தைக் குறை என்று அல்சீட்தான் யோசனை சொன்னதாக அவசரமாகச் சொன்னான். இவ்வளவு குட்டையான குழல் இனி எந்தச் சட்டத்துக்கும் ஆகாது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கு பிடித்தவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறாள். இந்தக் குடும்பத்தில் பிடித்து வைத்த பிள்ளையாரையும் எடுத்துக் குரங்காக்குகிறார்கள்.

வீடு வந்தபோது மணி நாலு. எர்லீன் கொட்டகைக் கதவை அகலத் திறந்து, ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள்.

"முப்பத்தஞ்சுக்கு மேல எது இருந்தாலும் சரி. எடுத்து மாட்டு. தேய்க்காத, பூசாத, தடவாத."

அவன் தேடினான். நாற்பத்துநாலு ஒன்று கிடைத்தது. துருப்பிடித்து, அம்மை விழுந்த முகம்போல் இருந்தது. உட்புறம் சுத்தமாக இருக்கிறதா என்று அவளே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டாள். அந்தக் குழலுக்கு அடியில் பொருந்தும் முன்கட்டை வெடித்திருந்தது, ஒட்டுநாடாவைச் சுற்றினான். நாடாவின் ஓரத்தை ஒழுங்காக வெட்டக் கத்தியைத் தேடியவனை அவள் ஒரு கனைப்பில் நிறுத்தினாள். அல்சீட்டுக்கு அந்த இருபது நிமிஷம் பல் பிடுங்கியதுபோல் இருந்திருக்கும். இருக்கட்டும் என்று நினைத்தாள்.

சரியாகச் சுடுகிறதா என்று பார்க்க, வீட்டுக்குப் பின்னால் களிமண் மேட்டில் ஒரு காகிதத்தைக் குத்தி வைத்தார்கள். முதல் தோட்டா நாலு விரல் இடப்பக்கம் போனது. இரண்டாவதும் அதே இடம். போதும், வலப்பக்கம் தள்ளிக் குறிபார்த்துக்கொள்ளலாம். ஆனால் சுடும்போது துப்பாக்கி பின்னுக்குத் தள்ளுகிற உதை, பானை தூக்கித் தூக்கித் தேய்ந்த வலது தோளில் கதவால் அறைந்ததுபோல் இறங்கியது. அவளையறியாமல் கண்ணை மூடிக்கொண்டாள்.

"போன வருஷம் நீ சுட்டுப் பழகுனப்பவே பாத்தேன்," என்றான் அல்சீட் மெதுவாக. "குளிச்சிட்டு வரப்போ தோள் கன்னிப்போயிருந்துச்சு. பத்து நாள் ஆச்சு நீலம் போக. நீ வாயத் தொறக்கல. அதான் உதைக்காத சின்னக் குழலா மாத்துனேன்."

"வாயத் தொறந்தா நீ குழல மாத்துவேன்னு தெரியும். அதான் தொறக்கல."

சொன்னபிறகுதான் அது எவ்வளவு பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்கே உறைத்தது. கட்டிய புருஷனுக்குப் பயந்து தோள்வலியை ஒளித்து வைத்திருக்கிறாள், அடிப்பான் என்றல்ல, பழுது பார்ப்பான் என்று.

"தோள் என்னோடது, அல்சீட். துப்பாக்கியும் என்னோடது. என்ன வேணும்னு என்னைக் கேளு. அதுக்கு ஆணி, அரம் எதுவும் வேண்டாம்."

அவன் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தான்.

ஐந்துக்கு ஏழு நிமிஷம் இருக்கும்போது டெனீஸ் அந்த அவலட்சணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எண்ணைப் படித்தாள், குதிரையைப் பார்த்தாள், வேறொன்றும் சொல்லாமல் முத்திரை குத்தினாள்.

சனிக்கிழமை விடிந்ததிலிருந்து எர்லீன் ஒரு கருவாலி மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. ஒன்பது மணிவாக்கில் கொழுத்த பெட்டை மான் ஒன்று ஓடைக்கு இறங்கியது. குதிரையைப் பின்னுக்கு இழுத்து, நாலு விரல் வலப்பக்கம் குறிவைத்து விசையை அழுத்தினாள். மான் இரண்டு தாவு தாவி விழுந்தது. அவள் வலி தாளாமல் மரத்தில் சாய்ந்தாள்.

சுட்ட மானை இழுத்துவரத் துணைக்கு ஒருவர் உள்ளே வரலாம். அல்சீட் ஆரஞ்சுச் சட்டையோடு வேகமாக நடந்து வந்தான். அவள் மடியில் கிடந்த துப்பாக்கியைப் பார்த்தான், மானைப் பார்த்தான்.

"வலிக்குது," என்றாள் எர்லீன். "ரொம்பவே வலிக்குது."

அவன் இரண்டு கையும் தானாக முன்னால் நீண்டன. பாதியில் நின்றன. அவற்றை மெல்ல இழுத்துச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டான். இருபத்திரண்டு வருஷத்தில் அவன் வாயிலிருந்து அவள் கேட்டிராத ஒன்று வந்தது.

"நான் என்ன செய்யட்டும்?"

எர்லீன் அவசரப்படவில்லை. தோளைத் தடவிக்கொண்டே விழுந்து கிடந்த மானைப் பார்த்தாள்.

"பின்னங்காலைப் பிடி," என்றாள்.