உடைந்த தட்டில் அப்பாவின் சாப்பாடு

குடும்பக் குழுவுக்கு 'சாப்பிட்டாச்சா' என்று பெயர் வைத்தது அண்ணன்தான். பெயரில்தான் பாசம் வழியுமே தவிர, உள்ளே நடப்பதெல்லாம் பள்ளிக்கூடம். தினமும் ஏழு மணிக்குள் மூன்று வீட்டிலிருந்தும் இரவுச் சாப்பாட்டின் படம் வந்து விழ வேண்டும். அப்பா தட்டு, அண்ணன் தட்டு, தங்கை சின்னவள் தட்டு. தாமதமானால் அண்ணனிடமிருந்து போன் வரும். எடுக்காவிட்டால் மறுநாள் காலை அவனே வந்து நிற்பான்.

சும்மா சொல்லக்கூடாது, அவன் பயத்துக்கும் காரணம் இருந்தது. அம்மா போன மூன்றாம் மாதம் அப்பா அடுப்படியில் மயங்கிக் கிடந்தார். இரண்டு நாளாகப் பட்டினி. கேட்டதற்கு, "பசிக்கல, அப்படியே மறந்துட்டேன்" என்றார், குடையை மறந்துவிட்ட மாதிரி. அன்றைக்கே அண்ணன் அவரைத் தன் ஊருக்கு அழைத்துப் போகப் பெட்டி கட்டிவிட்டான். அப்பா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அசைய மாட்டேன் என்றார். கடைசியில் சின்னவள் நடுவில் புகுந்து ஒரு உடன்பாடு செய்து வைத்தாள். அப்பா தானே சமைக்க வேண்டும், தினமும் படம் அனுப்ப வேண்டும். ஒரு நாள் ஏமாற்றினாலும் வீட்டைப் பூட்டிக்கொண்டு அண்ணனோடு கிளம்பிவிட வேண்டும்.

முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டிய மனிதர் அறுபத்தைந்து வயதில் கரண்டி பிடித்தார். முதல் வாரம் கருகல். இரண்டாம் வாரம் அரைவேக்காடு. பிறகு பரவாயில்லை. படம் வந்ததும் அண்ணி கைதட்டுவாள், அண்ணன் கட்டைவிரல் போடுவான், சின்னவள் இதயம் போடுவாள். வீட்டுக்கு வீடு நிம்மதி.

அந்தப் புதன்கிழமை ஆறரை மணிக்கு அப்பாவின் படம் வந்தபோது, சின்னவள் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடையில் கூட்டமில்லை. லென்ஸை உரசி ஃபிரேமில் பொருத்துவது அவள் வேலை. மயிரிழைக் கீறலைக்கூட விளக்கு வெளிச்சத்தில் கண்டுபிடித்துவிடுவாள். படத்தைத் திறந்தாள். வட்டமாக ஒரு ஆம்லெட், நாலு துண்டு உருளைக்கிழங்கு, பாதி தக்காளி. நீலக் கரை போட்ட வெள்ளைத் தட்டு.

படத்தைப் பெரிதாக்கி மறுபடி பார்த்தாள்.

ஏனென்றால் அந்தத் தட்டு அவளுடைய மேஜை இழுப்பறையில் இருந்தது. ஐந்து துண்டாக உடைந்து, பசை வைத்து ஒட்டிய நிலையில்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா வீட்டுக்குப் போயிருந்தாள். மத்தியானச் சாப்பாடு முடிந்து அப்பா கண்ணயர்ந்த நேரத்தில் பாத்திரம் தேய்க்கும்போது தட்டு கைநழுவிவிட்டது. அம்மா ஆசையாக வாங்கிய ஆறு தட்டில் மிஞ்சியது அது ஒன்றுதான். அப்பா வேறு தட்டில் சாப்பிட மாட்டார், விருந்தாளிக்கு எடுத்தாலும் முகம் சுளிப்பார். சொல்லத் துணிச்சல் வரவில்லை. துண்டுகளைக் காகிதத்தில் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு நல்ல பிள்ளை மாதிரி விடைபெற்றாள். மூன்று நாளாகக் கடையில் ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் பசை வைத்து ஒட்டிக்கொண்டிருந்தாள். நாலு துண்டு ஒட்டிவிட்டது, ஐந்தாவதும் சேர்ந்துவிட்டது. விளிம்பில் ஒரு சில்லை மட்டும் காணவே காணோம்.

அப்படியிருக்க இன்றைக்கு அதே தட்டில் ஆம்லெட் எங்கிருந்து வந்தது?

படங்களைப் பின்னால் தள்ளிப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமையும் அதே நீலக் கரை. திங்கட்கிழமையும் அதே. இரண்டுக்கும் அவள் பார்க்காமலே இதயம் போட்டிருந்தாள். ஊரார் கண்ணுக்கெல்லாம் கண்ணாடி மாட்டி விடுகிறவளுக்கு, சொந்த அப்பா தட்டைப் பார்க்க நேரமில்லை. இன்னும் பின்னால் போனாள். மூன்று வாரத்துக்கு முன்னால் இதே ஆம்லெட், இடது ஓரத்தில் இதே கருகல். பழைய படத்தை எடுத்துப் புதுசு மாதிரி அனுப்பிக்கொண்டிருக்கிறார்.

அப்படியானால் மனிதர் என்ன சாப்பிடுகிறார்? சாப்பிடுகிறாரா?

போன் போட்டாள். அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள். அண்ணனிடம் சொன்னால் விடிந்ததும் பெட்டி கட்டிவிடுவான். சொல்லாமல் இருந்து ஏதாவது ஆகிவிட்டால் காலத்துக்கும் தன்னைத் தானே மன்னிக்க முடியாது. முதலில் கண்ணால் பார்ப்போம் என்று முடிவு செய்தாள். ஒட்டின தட்டை லென்ஸ் துடைக்கும் மஞ்சள் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தாள். எதற்கு எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது.

"அப்பாவுக்கு ஒரு மாதிரி இருக்குக்கா. போயிட்டு வந்துடறேன்."

"போம்மா, போ. கடை எங்கயும் ஓடிப்போயிடாது" என்றாள் முதலாளியம்மா.

பஸ்ஸில் பன்னிரண்டு நிறுத்தம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் டிரைவர் அவளைச் சோதிக்கவே நிறுத்துகிற மாதிரி இருந்தது.

அப்பா வீட்டில் விளக்கு எரியவில்லை. வாசலில் நின்றபடியே இன்னொரு முறை போன் போட்டாள். பூட்டிய கதவுக்கு உள்ளே மணி அடித்தது. பையில் கிடந்த மாற்றுச் சாவி அவசரத்துக்குக் கையில் சிக்கினால்தானே? சிக்கி, திறந்து, விளக்கைப் போட்டு, "அப்பா! அப்பா!" என்று படுக்கையறை, குளியலறை, அடுப்படி என்று ஓடினாள். எங்கேயும் ஆளில்லை. போன் மட்டும் சார்ஜரில் தொங்கிக்கொண்டு அவள் பெயரைக் காட்டியது.

அடுப்பைத் தொட்டுப் பார்த்தாள், சில்லென்று இருந்தது. பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்து, துடைத்து வைத்திருந்தது. ஃபிரிட்ஜைத் திறந்தாள். ஞாயிற்றுக்கிழமை அவள் வாங்கி வைத்த பன்னிரண்டு முட்டையில் ஒன்றுகூட இல்லை. பட்டினி கிடக்கிறவர் மூன்று நாளில் பன்னிரண்டு முட்டையை என்ன செய்வார்? பயத்துக்கு நடுவிலும் அவளுக்கு இது இடித்தது. அலமாரியைப் பார்த்தாள். அப்பா வேலைக்கு எடுத்துப்போன நாலடுக்கு கேரியர் மேல்தட்டில் தூசி பிடித்துக் கிடக்கும். அதைக் காணோம். அது இருந்த இடத்தில் வட்டமாகச் சுத்தமாக இருந்தது.

கேரியர் போகிற இடம் அவளுக்குத் தெரியாதா? சின்ன வயதில் எத்தனை நாள் அதைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள்! பஸ் டிப்போ, இரண்டு தெரு தள்ளி, பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம். ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

ஓய்வறையின் சன்னல் வழியாக முதலில் சிரிப்புச் சத்தம்தான் கேட்டது. அப்பாவின் சிரிப்பு. கேட்டு ஒரு வருஷமாகியிருக்கும். உள்ளே நீள மேஜையில் சீருடையோடு ஆறேழு பேர். ஆளுக்கொரு டப்பா திறந்திருந்தது. நடுவில் அப்பா, கரண்டியும் கையுமாக, ஒவ்வொருவர் மூடியிலும் முட்டைப் பொரியல் போட்டுக்கொண்டிருந்தார். எதிர்ப்பக்கத்திலிருந்து பொரித்த மீன் அவர் மூடிக்கு வந்தது. பக்கத்திலிருந்த பெண் டிரைவர் பீன்ஸ் தள்ளினாள். கன்னம்கூடக் கொஞ்சம் பூசினாற்போல் இருந்தது அவருக்கு.

சின்னவள் வாசல்படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். பயந்ததெல்லாம் கரைந்து போகிற அழுகை. நெஞ்சு லேசாகிவிட்டது, அழுகை மட்டும் நிற்கவில்லை.

"டிரைவரண்ணே, உங்க பொண்ணு!" என்றாள் அந்தப் பெண் டிரைவர்.

அப்பா கரண்டியோடு ஓடி வந்தார். "என்னம்மா, என்னாச்சு? யாருக்கு என்ன?"

"உங்களுக்குத்தான்! போனை வீட்ல வச்சுட்டு இங்க கச்சேரி பண்றீங்க. எனக்கு உயிரே போயிடுச்சு."

"அட, சார்ஜ்ல போட்டேன், மறந்துட்டேன்."

"படமும் மறந்துதான் பழசா வந்துதா?"

அப்பா திருதிருவென்று விழித்தார். உள்ளே மேஜையில் எல்லோரும் திடீரென்று தங்கள் மூடியையே அக்கறையாகப் பார்த்தார்கள்.

"சமைக்காம இல்லம்மா" என்றார் அப்பா, குரலை இறக்கி. "நாலு மணிக்கே சமைச்சு, கழுவி வச்சுட்டுத்தான் வரேன். அங்க தனியா உக்காந்தா இறங்க மாட்டேங்குது. அந்தத் தட்ட முன்னால வச்சுட்டு எவ்வளவு நேரம்தான் பாத்துட்டே இருக்கறது? அரைவாசி குப்பைக்குத்தான் போச்சு. ஒரு நாள் கேரியர எடுத்துட்டு இங்க வந்தேன். நல்லா பசிச்சுது."

"சொல்லியிருக்கலாம்ல?"

"வேலைய விட்டப்புறம் டிப்போ பக்கமே போகக்கூடாது, முட்டி வலியோட ரோடு தாண்டக்கூடாதுன்னு உங்கண்ணன் சட்டம் போட்டிருக்கானே. அதுவுமில்லாம, நீங்க ரெண்டு பேரும் என் தட்டப் பாத்து அவ்வளவு சந்தோஷப்பட்டீங்க. அதக் கெடுப்பானேன்னு." கரண்டியைக் கை மாற்றினார். "ஆமா, நீ எப்படிக் கண்டுபிடிச்ச?"

இப்போது விழிப்பது சின்னவளின் முறை. பையிலிருந்து மஞ்சள் துணியை எடுத்துப் பிரித்தாள்.

அப்பா தட்டை வாங்கினார். ஒட்டின கோடுகளின் மேல் விரலை ஓட்டினார். "இது எப்போ?"

"ஞாயித்துக்கிழமை. நீங்க தூங்கும்போது. சொல்ல பயமா இருந்துதுப்பா."

"ஞாயிறு, திங்கள், செவ்வாய்…" அவர் சத்தமாகவே எண்ணினார். "மத்தியானம் பாத்திரத்துலயே சாப்பிட்டுக்குவேன். ராத்திரி இங்க மூடியில. மூணு நாளா இது வீட்ல இல்ல. இல்லன்னே எனக்குத் தெரியலையேம்மா!"

சொல்லிவிட்டு அவரே திகைத்துப்போனார். பிறகு மெதுவாகச் சிரித்தார். அம்மா போனதிலிருந்து அந்த முகத்தில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து நகர்ந்துகொண்டதைச் சின்னவள் பார்த்தாள். திட்டு விழவில்லை என்ற நிம்மதியைவிட அது பெரிய நிம்மதியாக இருந்தது.

அவள் கைக்கும் ஒரு மூடி வந்தது. சாப்பிடும் முன் மேஜை முழுவதும் தெரிய ஒரு படம் எடுத்துக் குழுவில் போட்டு, நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதினாள். அண்ணன் ஏதோ தட்டச்சு செய்துகொண்டே இருந்தான். நின்றது. மறுபடி தொடங்கியது. அப்பா மீனை மறந்து திரையையே பார்த்தார்.

முதலில் வந்தது அண்ணியின் செய்தி. 'மாமா, நீங்க கவலப்படாதீங்க. உங்க பையன் ஆறு மாசமா அனுப்புற அவிச்ச காய்கறித் தட்டு என்னோடது. அவர் சாப்பிடுறது எல்லாம் பொரிச்ச கோழி.'

மேஜையே கொல்லென்று சிரித்தது.

ரொம்ப நேரம் கழித்து அண்ணன் எழுதினான். 'ரோட்ட மட்டும் தனியா தாண்டாதீங்கப்பா. யாரையாவது கூட்டிக்குங்க. போனை மறக்காதீங்க. அந்த மீன் யார் செஞ்சது?'

"பெட்டி கட்டலையாம்" என்றார் அப்பா. மீனை எடுத்துக் கடித்தார்.

ரோட்டைத் தாண்டும்போது மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்குள் நுழைந்ததும் அந்தத் தட்டை அடுப்படிக்குக் கொண்டுபோகவில்லை. வாசல் கதவை ஒட்டிய சின்ன மேஜையில் வைத்தார். சாவியை அதில் போட்டார். சார்ஜரிலிருந்து போனைக் கழற்றி அதையும் போட்டார்.

"கிளம்பும்போது இதத் தாண்டித்தானே போகணும்" என்றார். "உங்கம்மா இருந்தாலும் வாசல்ல நின்னு இதத்தானே கேப்பா, எல்லாம் எடுத்தாச்சான்னு."